புழுக்காரம்மா பெயர்த்த நான்கு கற்கள்

அரசாங்கம் ஆற்றுக்குப் போட்ட கல்லை ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் கடப்பாரையோடு போய்ப் பெயர்த்தெடுத்து, வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டாள் என்று ஆற்றங்கரைச் சாலையில் ஒரு வதந்தி. முடிதிருத்தும் கடையில் அது சுற்றுச்சுவராகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்கு வருவதற்குள் இரண்டு மாடி ஏறிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் கேட்டால், கல்லுக்கு அடியில் புதையல் இருந்ததாகவும் அதில் பாதி காவலாளிக்குப் போனதாகவும் சொல்கிறார்கள். வதந்திக்கு வரைபட அனுமதி தேவையில்லை, இஷ்டத்துக்கு மாடி கட்டலாம்.

நேரில் போய்ப் பார்த்தால், சுற்றுச்சுவர் எழுப்புவதற்கு அங்கே சுற்றும் இல்லை, சுவரும் இல்லை. அந்தப் பெண்மணி குடியிருப்பது மூன்றாவது மாடியில், இரண்டு அறை வாடகை வீட்டில். அடுத்த வீட்டுக்காரர் தும்மினால் இவர்கள் வீட்டு நாட்காட்டி ஆடும். பால்கனியில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர். டிரம் மூடி காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல். கல்லின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறது: 2307.

ஆக, வதந்தியில் ஒரு கல் அளவுக்கு உண்மை இருக்கிறது. இந்த ஊர் வதந்திக்கு அதுவே ஜாஸ்தி.

கல்லின் கதைக்கு முன்னால் ஆற்றின் கதை. முப்பது வருடங்களுக்கு முன்பு, ஆறு வளைந்து வளைந்து போவது வெறும் சோம்பேறித்தனம் என்று ஓர் இளம் பொறியாளர் கண்டுபிடித்தார். வரைபடத்தின் மேல் அடிக்கோலை வைத்துக் கோடு கிழித்தார். ஆறும் பயந்துபோய் அந்தக் கோட்டுக்குள் வந்து படுத்தது. இரண்டு பக்கமும் சிமெண்ட், அடியிலும் சிமெண்ட். மீன் போயிற்று, தவளை போயிற்று, நிழல் போயிற்று. பொறியாளருக்குப் பதக்கம் வந்தது. அலுவலகத்தில் அவருக்கு நேர்கோட்டார் என்று பெயரும் வந்தது. பதக்கத்தைவிட அந்தப் பெயர்தான் இன்னும் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

ஊர் மக்கள் மட்டும் யோக்கியமா? குப்பைத்தொட்டி வேறு ஆறு வேறு என்று பிரித்துப் பார்க்காத பரந்த மனசுக்காரர்கள். கிழிந்த மெத்தை, உடைந்த கோப்பை, பெயர் சொல்ல முடியாத பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஆற்றுக்குத் தானம் செய்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த ஆத்த யாரும் கவனிக்கிறதே இல்ல" என்று அங்கலாய்ப்பார்கள்.

இந்த ஆற்றின் அலுவலகத்தில்தான் நம் பெண்மணி இருபத்தெட்டு வருடமாக ஆய்வக உதவியாளர். ஆய்வகம் என்றால் ஒரு சன்னல், ஒரு குளிர்சாதனப் பெட்டி, கால் ஒன்று குட்டையான ஒரு மேசை. குட்டைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருப்பது பழைய ஆண்டறிக்கை. அந்த அறிக்கையால் ஊருக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

முதலில் அவருக்கு வேலை, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவது. பிறகு படிவம் பதினேழு என்று ஒன்று வந்தது. தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதாது, ஆற்றில் இறங்கிப் பத்துக் கற்களைப் புரட்டி, அடியில் என்னென்ன ஜீவன் இருக்கிறது என்று எண்ண வேண்டும். சாக்கடையில் வாழும் சிவப்புப் புழுவுக்கு ஒரு மதிப்பெண். நல்ல தண்ணீரும் கல்லிடுக்கும் கிடைத்தால் மட்டுமே குடியேறும் மூன்று வால் பூச்சிக்குப் பத்து. கூட்டினால் ஆறு பிழைத்ததா செத்ததா என்று தெரிந்துவிடும். அலுவலகத்து ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அன்றே முழங்காலில் வலி வந்தது. ஒருவர் சளிக்குச் சான்றிதழே கொண்டுவந்தார். மிஞ்சியது இவர். புருஷனின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். கண்ணைத் திறந்தபோது கையில் ஏதோ நெளிந்தது. அன்று கத்தியதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. மறுவாரமே அதை விரலால் நகர்த்தி எண்ணினார்.

அன்றிலிருந்து புழுக்காரம்மா. குடும்பத்திலும் அந்தப் புகழ் பரவியது. நாத்தனார் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அத்தை என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்க, நாத்தனார் விழுங்கி விழுங்கி, "சர்க்காருல கணக்கெடுக்கிறாங்க" என்றாள். இவர் சும்மா இருக்காமல், "புழு எண்றேன்" என்றார். சம்பந்தம் கூடிவிட்டது. ஆனால் நாத்தனார் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடிக்கோல் போட்ட இடத்தில் பத்துக் கல் கிடையாது, சிமெண்ட்தான். அங்கே மொத்த மதிப்பெண் எப்போதும் மூன்று, நான்கு. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மட்டும் ஒரு வளைவு தப்பியிருந்தது, நீளம் இருநூறு மீட்டர். பணிமனைக்காரர்களுக்கும் ஆற்று அலுவலகத்துக்கும் மதில் தகராறு, அதனால் யாரும் உள்ளே போக முடியாமல் போயிற்று. ஊருக்கு மேலே கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆரம்பித்த ஐந்தாறு வருடத்தில், அந்த வளைவில் மதிப்பெண் ஒன்பது, பதினெட்டு, முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு என்று ஏறியது. அதே தண்ணீர்தான் கீழே சிமெண்டிலும் ஓடியது. அங்கே அதே நான்கு. தண்ணீர் குணமானாலும் படுக்கை சரியில்லையென்றால் யார்தான் குடியிருப்பார்கள்? இதைப் புழுக்காரம்மா ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் அது ஒரு மேசைக் காலுக்கு உதவியது.

பிறகு வெளிநாட்டு நிதி ஒன்று வந்தது, அதன் பின்னாலேயே ஞானமும் வந்தது. ஆற்றுக்கு உயிரூட்டும் திட்டம். சிமெண்டை உடைத்து, ஆற்றை மறுபடி வளைத்து, கல் போட வேண்டும். யார் தலைமையில்? அடிக்கோல் போட்ட அதே கை. நேர்கோட்டார் இப்போது தலைமைப் பொறியாளர். கெடுத்ததற்கு ஒரு பதக்கம் வாங்கியவர், கெடுத்ததைத் திருத்துவதற்கு இன்னொன்று வாங்கத் தயாரானார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது சாதாரண ஜனங்களுக்கு வசவு, பெரிய உத்தியோகத்தில் அது அனுபவம்.

முதல் இரண்டு கிலோமீட்டரில் வளைவுகள் வந்தன. லாரி லாரியாகக் கல் வந்தது. முதல் மழையில் நாலு கல் நகர்ந்துவிட்டது. ஆற்றில் கல் நகரும் என்பதை நேர்கோட்டார் தம் முப்பது வருட உத்தியோகத்தில் அன்றுதான் கேள்விப்பட்டார். திட்டச் சொத்து இப்படிக் கண்டபடி உருளலாமா? ஒவ்வொரு கல்லையும் சிமெண்டில் பதிக்கச் சொன்னார். களவு போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் எண். மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கற்கள், பதிவேட்டில் ஏறின. மேலிருந்து பார்த்தால் ஆறு தத்ரூபமாக ஆறு மாதிரியே இருந்தது. பிணத்துக்குப் பவுடர் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் அதுவும் தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நிதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். படிவம் பதினேழில் மதிப்பெண் ஐம்பதைத் தாண்டினால், இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி. இரண்டாம் கட்டத்தின் முதல் வேலை எது என்று பார்த்தால், பணிமனைக்குப் பின்னால் இருக்கும் வளைவு. மதில் தகராறு தீர்ந்துவிட்டதாம். அந்த வளைவையும் "இதே தரத்தில்" புதுப்பிப்பார்களாம்.

புழுக்காரம்மா ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு புது ஆற்றில் இறங்கினார். முதல் கல்லைப் புரட்டினார். கல் புரளவில்லை. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது வரை அப்படியே. படிவத்தில் பத்துக் கட்டத்திலும் "கல் புரளவில்லை" என்று எழுதினார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய ஒரே கவிதை அதுதான்.

மறுநாள் நேர்கோட்டார் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு புகைப்படங்கள், நேரான ஆறும் வளைந்த ஆறும். இரண்டிலும் முன்னால் நிற்பது அவர்.

"என்னம்மா இது, கல் புரளலன்னா என்ன அர்த்தம்?"

"புரளலன்னு அர்த்தம் சார்."

"மேலாப்ல பாத்து எண்ண வேண்டியதுதானே?"

"புழு அடியிலதான் சார் இருக்கும்."

"அடியிலதான் இருக்கும்னு யார் சொன்னா?"

"புழுதான் சார்."

நேர்கோட்டார் பேனாவை மூடினார். அவர் கோபப்படும்போது பேனாவை மூடுவார், கருணை காட்டும்போது திறப்பார். இரண்டுக்கும் மை செலவில்லை.

"பணிமனை வளைவுல போன மாசம் எவ்ளோ வந்துச்சு?"

"அறுபத்தொண்ணு."

"அப்புறம் என்ன? அதே ஆறு, அதே தண்ணி. அந்த அறுபத்தொண்ண இங்கன்னு எழுதிக் குடுங்க. ஊர்ல இருக்கிற ஒரே ஆத்துக்கு எதுக்கு ரெண்டு கணக்கு?"

"அத எழுதினா அந்த வளைவுலயும் சிமெண்ட் போட்ருவீங்களே சார்."

"புதுப்பிக்கிறோம்மா. உங்களுக்கு மூணு மாசத்துல ரிட்டயர்மெண்ட். பென்ஷன் பேப்பர் என் மேசைலதான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள படிவம் வரட்டும்."

உயிரோடு இருக்கும் ஓர் இடத்தின் நாடித்துடிப்பை எடுத்து, பொம்மையின் பெயரில் எழுதி, அந்தச் சீட்டைக் காட்டியே உயிரோடு இருப்பதையும் பொம்மையாக்க வேண்டும். இதற்கு ஓர் அறிவு வேண்டும். அது பதக்கம் வாங்கியவர்களுக்குத்தான் வரும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். புருஷன் பேருந்து ஓட்டுநர். முப்பது வருடமாக முன்னால் மட்டுமே பார்த்துப் பழகியவர்.

"இங்க பாரு, கையெழுத்தப் போட்டுட்டு வந்துடு. மூணு மாசம். அப்புறம் ஆறு எப்டிப் போனா நமக்கென்ன?"

"அந்த வளைவுல மூணு வால் பூச்சி வந்து ஆறு வருசம் ஆச்சுங்க."

"அதுக்கு நீயா பென்ஷன் குடுக்கப்போற?"

"அதுக்கு ஒண்ணும் வேணாம். கல்லு புரண்டா போதும்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "புரட்டித்தான் பாக்கணும்னா கையால முடியுமா? பணிமனை வாசல்ல டயர்க்கடைக்காரன்கிட்ட கடப்பாரை இருக்கு" என்றார். ஓட்டுநர்கள் சில சமயம் சிக்னல் போடாமலே திரும்பிவிடுவார்கள்.

டயர்க்கடைக்காரர் கடப்பாரையை லேசில் கொடுப்பவரில்லை. பேருந்துச் சக்கரத்தின் விளிம்புக்கு ஏற்றபடி அதன் நுனியை அவரே நெருப்பில் வைத்து வளைத்திருந்தார்.

"எதுக்குக்கா?"

"ஒரு கல்லப் பொரட்டணும் தம்பி."

"நாளைக்கே வந்துரணும். அது இல்லன்னா எனக்குக் கை இல்லாத மாதிரி."

"நாளைக்கே தரேன்."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, கல் எண் 2307-இல் கடப்பாரை இறங்கியது. ஐம்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை, இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். கல் பெயர்ந்தது. அடியில் வழவழவென்று சிமெண்ட். சிமெண்டில் யாரோ கொத்தனாரின் செருப்புத் தடம், பக்கத்தில் பதிந்துபோன ஒரு பீடிக் கட்டுக் காகிதம். ஜீவன் என்று சொல்ல ஒன்றுமில்லை. படிவத்தில் பூஜ்யம். 2308, பூஜ்யம். 2309, பூஜ்யம். 2310-ஐ நிமிர்த்தும்போது காவலாளியின் விசில் கேட்டது. அவன் பல வருடமாக அவரைப் பார்ப்பவன்தான். ஆனால் அன்று வரை அவனுக்குப் பிடிக்க ஒரு திருடன்கூடக் கிடைத்ததில்லை. உத்தியோகத்தில் ஓர் ஆசை இருக்காதா?

"அம்மா, நீங்களா இப்டி?"

"இந்தா, நாலாவதும் எழுதிக்கிறேன், இரு. பூஜ்யம். இப்ப ஊது."

கடப்பாரை கைப்பற்றப்பட்டது. மதியமே குற்றக் குறிப்பாணை வந்தது. எழுதியவர் நேர்கோட்டாரேதான். இங்கேதான் அவருடைய முப்பது வருட அனுபவம் கைகொடுத்தது, புழுக்காரம்மாவுக்கு. குற்றம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கல் பலமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் மனிதர் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எழுதியிருந்தார்:

"எக்காலத்தும் அசையாத வண்ணம் உயர்தரச் சிமெண்டால் அடித்தளத்துடன் பிணைக்கப்பட்டிருந்த கல் எண்கள் 2307 முதல் 2310 வரை தங்களால் பெயர்க்கப்பட்டுள்ளன. சம்பவ இடத்தை நேரில் ஆய்வு செய்ததில், கற்களின் அடியில் உயிரினம் எதுவும் இல்லாததால், உயிரினச் சேதம் ஏதுமில்லை என உறுதி செய்யப்படுகிறது. மற்ற 4,108 கற்களும் இதே முறையில் உறுதியாகப் பதிக்கப்பட்டிருப்பதும் சரிபார்க்கப்பட்டது. பெயர்க்கப்பட்ட கற்களைத் தங்கள் பொறுப்பில் பத்திரமாக வைத்திருக்கவும்."

கீழே கையெழுத்து, முத்திரை, தேதி.

புழுக்காரம்மா அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். பிறகு பதில் எழுதினார்: "குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மேற்கண்ட ஆணையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை." படிவம் பதினேழில் நான்கு பூஜ்யம், ஆறு "கல் புரளவில்லை". அதற்கு ஆதாரமாகத் தலைமைப் பொறியாளரின் ஆணையை இணைத்தார். வெள்ளிக்கிழமை காலை, கொடுத்த கெடுவுக்குள், நிதி நிறுவனத்துக்குப் போகும் கோப்பில் கொண்டுபோய் வைத்தார். அந்தக் கோப்பு வழக்கப்படி யாராலும் திறந்து பார்க்கப்படாமல், ஏழு பேரின் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தது. ஏழாவது கையெழுத்து நேர்கோட்டாருடையது.

இரண்டு வாரத்தில் நிதி நிறுவனத்து அதிகாரி ஒரு பெண்மணி வந்தார். ஆற்றில் இறங்கினார். ஒரு கல்லை அசைத்துப் பார்த்தார். வரவில்லை. கரையில் நின்ற நேர்கோட்டார் பக்கம் ஆணையை நீட்டினார்.

"இந்த லெட்டர் நீங்க எழுதினதா?"

"அது ஒழுங்கு நடவடிக்கை மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அடியில ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது... சேதம் இல்லன்னு சொல்றதுக்காக."

"சேதப்படுத்த ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. புரிஞ்சுது."

நேர்கோட்டார் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கருணை யாருக்கு, கோபம் யார்மேல் என்று பேனாவுக்கே குழப்பம்.

அதிகாரி குறிப்பெழுதிவிட்டுப் போனார். கல் பெயர்த்த விசாரணை முடியும்வரை படிவம் பதினேழு நிலுவையில் இருக்கும். படிவம் முடிவாகும்வரை இரண்டாம் கட்டத்தில் ஒரு பிடி சிமெண்ட் விழக்கூடாது. இதற்காக நேர்கோட்டாருக்கு ஏதாவது நடந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உத்தியோகம் பார்த்ததில்லை. அவரை ஏரிகளுக்கு மாற்றிவிட்டார்கள், ஒரு படி உயர்த்தி. ஏரிகள் வட்டமாக இல்லையே என்று இப்போது கவலைப்படுகிறாராம்.

புழுக்காரம்மா குற்றக் குறிப்பாணையோடு ஓய்வு பெற்றார். பென்ஷன் தாளும் விசாரணையோடு சேர்ந்து நிலுவையில் கிடக்கிறது, இப்போதைக்குக் கால்வாசிதான் வருகிறது. புருஷன் கூடுதல் ஓட்டம் எடுத்துக்கொள்கிறார். "பொறுப்பில் பத்திரமாக" வைக்கச் சொன்ன நாலு கற்களில் ஒன்று டிரம் மூடிமேல். மற்ற மூன்றில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கொத்திவிட்டுப் பணிமனை வளைவில் உருட்டிவிட்டார். அதைவிடப் பத்திரமான இடம் அவருக்குத் தெரியாது. போன வாரம் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய் 2308-ஐப் புரட்டினார். சுலபமாகப் புரண்டது. அடியில் மூன்று வால் பூச்சி, ஏழு.

திரும்பி வரும் வழி டயர்க்கடை வழியாகத்தான். கடப்பாரை இன்னும் ஆற்று அலுவலகத்து இரும்பு அலமாரியில், கழுத்தில் சீட்டுக் கட்டித் தொங்கவிட்டபடி, சான்றுப் பொருளாக நிற்கிறது. விசாரணை முடிந்தால்தான் வெளியே வரும். கடப்பாரையை முழுங்கிவிட்டு அந்த அலுவலகம் கசாயம்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். டயர்க்கடைக்காரர் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.

"அக்கா, நாளைக்குன்னீங்க. ஆறு மாசமாச்சு."

"வரும் தம்பி."

"புதுசு சரிப்படலக்கா. அந்த நுனி எனக்குப் பழகிருச்சு. விசாரணைய முடிக்கச் சொல்லி ஒரு மனு எழுதிப் போடுங்களேன். உங்க பென்ஷனும் வந்துரும், என் கடப்பாரையும் வந்துரும்."

விசாரணை முடிந்தால் கடப்பாரை வரும், பென்ஷன் வரும். கூடவே படிவம் நகரும், வேறு யாராவது அந்த அறுபத்தொன்றை எழுதிக் கொடுப்பார்கள், அதன் பின்னால் சிமெண்ட் லாரியும் வரும். புழுக்காரம்மா கையிலிருந்த ஈரக் காலணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பேனா வாங்கணும் தம்பி" என்றார். "வாங்கினதும் எழுதறேன்."

போன முறையும் அவர் அதையேதான் சொன்னார்.